குட்டி ஜெட்டில் ஏர் டாக்ஸி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூப்பிட்டால் வரும் விமானம் என்ற ஆசை பழையது. இன்ஜின் சின்னதாகி, விமானம் மலிவாகி, அந்த ஆசை கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது 2000-க்குப் பிறகுதான். அதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்த இடம் அமெரிக்காவின் ஃப்ளோரிடா. அங்கே நடந்ததைத் தெரிந்துகொண்டால் இன்றைய விளம்பரங்களில் பாதி தானாகவே புரிந்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் அந்தக் கதைக்குத்தான் இடம் அதிகம்.

ஏர் டாக்ஸி என்றால் மொட்டை மாடியிலிருந்து கிளம்புமே, அந்த மின்சார வண்டிதானே?

இப்போது செய்திகளில் அடிபடுவது அது. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாகக் கிளம்பும் மின்சார வாகனம். சென்னை ஐ.ஐ.டி.யில் முளைத்த இபிளேன் நிறுவனம் செய்வதும் அந்த வகைதான். ஊருக்குள் சில கிலோமீட்டர் தாண்டுவதற்கு அது.

இங்கே பேசப்போவது வேறு. ஓடுபாதையில் ஓடிக் கிளம்பும் நிஜ ஜெட், ஆனால் நான்கைந்து பேர் மட்டும் உட்காரக்கூடியது. ஊர் விட்டு ஊர், 300 முதல் 1,000 கிலோமீட்டர் வரை. அட்டவணை கிடையாது. நீங்கள் கேட்கும் நாளில், கேட்கும் ஊருக்குப் போகும்.

குட்டி என்றால் எவ்வளவு குட்டி?

எக்லிப்ஸ் 500 என்ற விமானத்தை எடுத்துக்கொள்வோம். எரிபொருள், ஆட்கள், பைகள் எல்லாம் ஏற்றிக் கிளம்பும்போது அதன் எடை அதிகபட்சம் ஏறத்தாழ 2,700 கிலோ. ஆளும் மூட்டையும் ஏற்றிய பெரிய எஸ்.யு.வி. ஒன்றின் எடைதான். பைலட்டையும் சேர்த்து ஆறு இருக்கை வரை போடலாம். உள்ளே உயரம் 127 சென்டிமீட்டர், அகலம் 142 சென்டிமீட்டர். ஏழு வயதுப் பையன் வேண்டுமானால் தலை இடிக்காமல் நிற்கலாம். மற்றவர்கள் குனிந்தே ஏறி, குனிந்தே உட்கார வேண்டும். கழிப்பறை இல்லை. ஏறுவதற்கு முன்பே போய்விட்டு வந்துவிட வேண்டும்.

ஆனால் இதே வண்டி 41,000 அடி உயரத்தில், மணிக்கு 685 கிலோமீட்டர் வரை வேகத்தில் பறக்கும். உயரத்தில் பெரிய விமானங்களுக்குக் கொஞ்சமும் குறைச்சல் இல்லை.

இவ்வளவு சின்ன ஜெட் அதற்கு முன் ஏன் வரவில்லை?

இன்ஜின்தான் தடை. டர்போஃபேன், அதாவது முன்னால் விசிறி வைத்த ஜெட் இன்ஜினை அப்படியே பாதியாகச் சுருக்கினால் பாதி எரிபொருள் குடிக்கும் என்று நினைப்போம். அது நடக்காது. சுழலும் பிளேடின் நுனிக்கும் சுற்றியுள்ள உறைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விட வேண்டும். பிளேடு சின்னதானாலும் அந்த இடைவெளி அதே விகிதத்தில் சுருங்காது. அந்தச் சந்து வழியே காற்று ஒழுகி, திறன் போய்விடும். அதனால் சின்ன டர்போஃபேன் என்றால் ஏவுகணைக்குத்தான் லாயக்கு என்று ரொம்ப நாள் இருந்தது. ஒருமுறை பறந்து வெடித்துப் போகிற பொருளுக்கு ஆயுளைப் பற்றிக் கவலை எதற்கு?

குரூஸ் ஏவுகணைகளுக்கு இன்ஜின் செய்து பேர் வாங்கிய வில்லியம்ஸ் நிறுவனம், 1990-களில் நாசாவோடு சேர்ந்து சின்னப் பயணி விமானத்துக்கான இன்ஜினில் இறங்கியது. முன்பு மைக்ரோசாஃப்ட்டில் இருந்த வெர்ன் ராபர்ன் அந்த இன்ஜினை நம்பி 1998-ல் எக்லிப்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். நியூ மெக்ஸிகோ மாநிலத்து அல்புகர்க்கியில், 2002 ஆகஸ்டில் முதல் விமானம் பறந்தது. பறந்த சில மாதங்களிலேயே இந்த இன்ஜின் சரிப்படாது என்று ராபர்ன் அதைக் கைவிட்டார். பிறகு கனடாவின் பிராட் அண்ட் விட்னி செய்த புது இன்ஜின் வந்தது. ஒவ்வொன்றும் 900 பவுண்டு உந்துவிசை, விமானத்துக்கு இரண்டு.

ஒரு நல்ல இன்ஜின் என்ன செய்யும் என்பதற்கு இது உதாரணம். எக்லிப்ஸ், செஸ்னாவின் மஸ்டாங், எம்ப்ரேயரின் ஃபீனம் 100 என்ற மூன்று போட்டி விமானங்களும் இதே இன்ஜின் குடும்பத்தின் வெவ்வேறு அளவுகளில் ஓடுகின்றன. போட்டியாளர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்க, இன்ஜின்காரர் மூன்று பேருக்கும் விற்றார்.

விலை எவ்வளவு குறைந்தது?

எக்லிப்ஸ் முதலில் சொன்ன விலை 8,37,500 டாலர். அந்தக் காலத்தில் புது ஜெட் என்றாலே அதைப்போல் பல மடங்கு. ரிவெட் அடிப்பதற்குப் பதிலாக உலோகத் தகடுகளை உராய்வால் இளக்கி ஒட்டும் முறை, வருடத்துக்கு நூற்றுக்கணக்கில் உற்பத்தி என்று கணக்குப் போட்டுச் சொன்ன விலை அது. அந்த எண்ணிக்கை வரவே இல்லை. 2008-ல் விலை 20 லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. மலிவாக விற்க வேண்டுமானால் நிறைய விற்க வேண்டும். நிறைய விற்க வேண்டுமானால் நிறைய வாங்குகிற ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் ஃப்ளோரிடாவில் இருந்தார்.

ஃப்ளோரிடாவில் அப்படி என்ன நடந்தது?

எட் இயாகோபுச்சி மென்பொருள்காரர். ஐ.பி.எம்.மில் இருந்து, பிறகு சிட்ரிக்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2002-ல் டேஜெட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அவருடைய யோசனை எளிது: விமானத்தை வாடகைக்கு விடாதே, சீட்டை விடு.

நம் ஊர் பாஷையில் சொன்னால், அதுவரை இருந்தது கால் டாக்ஸி. டேஜெட் கொண்டுவந்தது ஷேர் ஆட்டோ. ஒரே ஒரு வித்தியாசம், ஷேர் ஆட்டோவுக்கு ரூட் உண்டு. இதற்கு ரூட்டும் கிடையாது.

2007 அக்டோபரில் ஐந்து ஊர்களோடு தொடங்கினார்கள்: போகா ரேட்டன், கெய்ன்ஸ்வில், லேக்லேண்ட், பென்சகோலா, டல்லஹாசி. இந்த ஊர்களைத் தேர்ந்தெடுத்ததில் விஷயம் இருக்கிறது. போகா ரேட்டனிலிருந்து மாநிலத் தலைநகர் டல்லஹாசிக்குச் சாலையில் 700 கிலோமீட்டரை ஒட்டி வரும். காரில் ஆறரை, ஏழு மணி நேரம். பெரிய கம்பெனி விமானத்தில் போவதென்றால், இப்படிப்பட்ட இரண்டு ஊர்களுக்கு நடுவே பெரும்பாலும் நேர் விமானம் இருக்காது. பக்கத்து மாநிலத்து அட்லாண்டா வரை போய், இறங்கி, மாறி, திரும்பி வர வேண்டும். திருச்சியிலிருந்து மதுரைக்கு பெங்களூரு வழியாகப் போவது போல. எக்லிப்ஸில் ஒரு மணி நேரம் கொஞ்சம் கூட. காலையில் போய் வேலையை முடித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சின்ன ஊர் வக்கீல், ஒப்பந்தக்காரர், விற்பனை மேலாளர் இவர்கள்தான் குறி. கோடீஸ்வரர்கள் இல்லை.

அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான விமானத் தளங்கள் சுமார் 5,000 உண்டு. அட்டவணை விமானங்கள் தொடுவது அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்றை மட்டும். மீதித் தளங்களில் ஓடுபாதை இருக்கிறது, கூட்டம் இல்லை. 2005-ல் நாசாவே வர்ஜீனியாவின் டான்வில்லில் சின்ன விமானங்களை வைத்து, இந்தத் தளங்களை எப்படிப் பயன்படுத்தலாம் என்று செய்து காட்டியது. ஆக, இது ஒருத்தருடைய பகல் கனவு இல்லை.

டிக்கெட் விலை எப்படிப் போட்டார்கள்?

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. எத்தனை மணிக்கு விமானம் என்று நீங்கள் கேட்க முடியாது. "காலை 7 மணிக்கு முன் கிளம்ப முடியாது, 12 மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்" என்று சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் சில நொடிகளில் முடியும், முடியாது என்று சொல்லி விலையும் சொல்லும். இடைவெளியை அகலமாக விட்டால் விலை குறையும். "8 மணிக்குக் கிளம்பி 9:30-க்கு இறக்கிவிடு" என்று நெருக்கிப் பிடித்தால் ஏறும். காத்திருக்கத் தயாரானவரை, நடுவில் வேறொருவரை ஏற்றவும் இறக்கவும் ஓர் ஊரில் நிறுத்தி அழைத்துப் போகலாம் அல்லவா?

வந்த கோரிக்கைகளை எல்லாம் வைத்துக்கொண்டு மறுநாள் எந்த விமானம் எங்கே போவது என்று ராத்திரி உட்கார்ந்து கம்ப்யூட்டர் தீர்மானிக்கும். சொல்வது சுலபம். விமானங்கள் கூடக் கூட, ஊர்கள் கூடக் கூட, சாத்தியங்கள் எண்ணிக்கையில் வெடிக்கும். ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தின் கணித ஆட்கள் இதில் சேர்ந்து வேலை செய்து, ஆய்வுக் கட்டுரைகளே எழுதியிருக்கிறார்கள். ஓலா, ஊபர் வருவதற்குச் சில வருடம் முந்தைய சமாச்சாரம் இது என்பதை மறந்துவிடக் கூடாது.

அப்புறம் கணக்கு எங்கே உதைத்தது?

மூன்று இடத்தில்.

எக்லிப்ஸை ஒரே பைலட் ஓட்டலாம் என்று அனுமதி உண்டு. ஆனால் காசு கொடுத்து ஏறுகிற ஆளுக்கு ஒரு பைலட் போதாது, இன்ஷூரன்ஸ்காரருக்கும் போதாது. இரண்டு பைலட் போட்டார்கள். டேஜெட் தன் விமானங்களில் வைத்தது ஐந்து இருக்கை, மீதி மூன்று சீட்டுதான் விற்பனைக்கு. மூன்று பேரைக் கூட்டிப் போக இரண்டு டிரைவர் என்றால் எந்த ஊர் டாக்ஸியும் கட்டுபடியாகாது.

அடுத்தது காலி ஓட்டம். சென்னையிலிருந்து வேலூருக்கு ஒன்-வே போனாலும் டிரைவர் ரிட்டர்ன் வாடகை கேட்பார். ஏன் என்று நமக்குத் தெரியும். விமான வாடகைத் தொழிலிலும் பத்தில் நான்கு ஓட்டம் காலி என்பது சாதாரணமாகச் சொல்லப்படும் கணக்கு. ஒரு பேச்சுக்கு, ஒரு மணி நேரம் பறக்க 1,500 டாலர் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று சீட்டும் நிரம்பினால் ஆளுக்கு 500. ஒருவர் மட்டும் வந்தால் அவர் தலையில் 1,500. அவரை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினால் 3,000. விமானத்தின் விலையைப் பாதியாக்கினாலும் இந்த 500-க்கும் 3,000-க்கும் உள்ள பள்ளத்தை அது நிரப்பாது.

பள்ளத்தை நிரப்பக்கூடியது கூட்டம் ஒன்றுதான். ஒருவர் இறங்கிய ஊரிலேயே இன்னொருவர் ஏறக் காத்திருக்க வேண்டும். அதற்கு நூற்றுக்கணக்கில் விமானம், பத்துக்கணக்கில் ஊர் வேண்டும். டேஜெட் ஆயிரத்துக்கும் மேல் எக்லிப்ஸ் கேட்டுவைத்திருந்தது. கையில் வந்தது 28. நிரம்பும் வரை தாக்குப்பிடிக்க வெளிப் பணம் வேண்டும். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது. செப்டம்பர் 15-ல் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய அமெரிக்க வங்கி விழுந்தது. நான்கு நாள் கழித்து, செப்டம்பர் 19-ல் டேஜெட் கடையை மூடியது. ஒரு வருடம்கூட ஓடவில்லை.

விமானமே சரியில்லை என்றும் சொல்கிறார்களே?

அதிலும் உண்மை உண்டு. முதலில் கொடுத்த விமானங்களில் மின்னணுக் கருவிகள் அரைகுறையாக இருந்தன. பனி உறையும் வானிலையில் பறக்க அனுமதி 2008 வரை கிடைக்கவில்லை. வாக்களித்த கருவிகளைப் பொருத்தித் தரவில்லை என்று டேஜெட் மூடும்போது வெளிப்படையாகவே சொன்னது.

2008 ஜூன் 5-ல் சிகாகோவின் மிட்வே தளத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். தரை நெருங்கும்போது வேகம் குறைய, பைலட் த்ராட்டிலை, அதாவது இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை, அழுத்தி முன்னே தள்ளினார். கம்ப்யூட்டர் அதை எல்லை மீறிய சிக்னலாக எடுத்துக்கொண்டு, இரண்டு இன்ஜினையும் முழு விசையிலேயே பிடித்து நிறுத்திவிட்டது. த்ராட்டிலைப் பின்னால் இழுத்தாலும் கேட்கவில்லை. மறுபடி மேலே போய், ஒரு இன்ஜினை அணைத்தார்கள். உடனே மற்றது விசை தராமல் சும்மா சுற்றும் ஐடில் நிலைக்கு வந்து படுத்துவிட்டது. கிட்டத்தட்ட கிளைடர் மாதிரி இறக்கினார்கள். டயர் வெடித்தது, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சில நாட்களில் அரசின் அவசர உத்தரவு வந்து எல்லா விமானங்களிலும் சோதனை நடந்தது.

இருந்தாலும் என் அபிப்பிராயம்: விமானம் பழுதே இல்லாமல் இருந்திருந்தாலும் டேஜெட் இன்னும் ஒரு வருடம் கூடுதலாக ஓடியிருக்கும், அவ்வளவுதான். 3,000 டாலர் பள்ளம் அப்படியேதான் இருந்திருக்கும்.

எக்லிப்ஸ் கம்பெனி?

பெரிய வாடிக்கையாளர் போன இரண்டே மாதத்தில், 2008 நவம்பரில் திவால் மனு. அதுவரை கொடுத்தது சுமார் 260 விமானம். பின்னால் வேறு பெயர்களில் எழுந்து நடந்தது, மறுபடி விழுந்தது. விமானங்கள் இன்னும் பறக்கின்றன.

அப்படியானால் குட்டி ஜெட் தோற்றுவிட்டதா?

இல்லை. சீட்டு விற்றவர்கள்தான் தோற்றார்கள். முழு விமானமாக வாடகைக்கு விட்டவர்கள் பலர் நின்றார்கள்.

செஸ்னாவின் மஸ்டாங்குக்கு 2006 செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. 2017-ல் நிறுத்தும் வரை 479 செய்தார்கள். பயணிகளுக்கு நான்கு இருக்கை. ஆஸ்திரியாவின் குளோப்ஏர் நிறுவனம் ஏறக்குறைய இந்த ஒரே மாடலை வைத்தே ஐரோப்பா முழுக்க வண்டி ஓட்டுகிறது. ஒரே மாடல் என்றால் பைலட்டுக்கு ஒரே பயிற்சி, ஒரே உதிரி பாகம், ஒன்று பழுதானால் இன்னொன்றை அனுப்பலாம். லாரி ஷெட் வைத்திருக்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதன் பின் ஃபீனம் 100 வந்தது. 2015 டிசம்பரில் ஹோண்டாஜெட்டுக்கு அனுமதி. இன்ஜினை வாலுக்குப் பக்கத்தில் உடம்போடு ஒட்டாமல், இறக்கையின் மேல் தூண் வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். உள்ளே இடம் மிச்சம், சத்தமும் குறைவு. 2016-ல் சிர்ரஸ் விஷன் ஜெட். ஒரே இன்ஜின், முதுகின் மேல். ஃப்ளோரிடாவிலேயே 2020-ல் ஒரு நிறுவனம் இந்த விஷன் ஜெட்டை வைத்து மறுபடி ஏர் டாக்ஸி தொடங்கியது. அந்த மாநிலத்துக்கு இந்த ஆசை விட்டுப் போகவே இல்லை.

ஒற்றை இன்ஜின் ஜெட்டில் ஏற பயமாக இருக்காதா?

நியாயமான கேள்வி. விஷன் ஜெட்டின் மூக்கில் முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் இருக்கிறது. 2022 செப்டம்பரில் ஃப்ளோரிடாவின் கிஸ்ஸிமி அருகே ஒரு விமானம் நிஜமாகவே அதில் தொங்கி இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள். 2020-லிருந்து இன்னொரு வசதியும் உண்டு: பைலட் மயங்கி விழுந்தால் பயணி ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், விமானம் தானே பக்கத்துத் தளத்தைத் தேடி, கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லி, இறங்கி, பிரேக் பிடித்து நிற்கும்.

ஒரே பைலட் என்ற கணக்கு கட்டுபடியாக வேண்டுமானால், பயணி மனசு மாற இந்தப் பொத்தான்தான் உதவும் என்று நினைக்கிறேன். ஒரு சீட்டு கூடுதலாக விற்பனைக்கு வரும்.

'எம்ப்டி லெக்' மலிவு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மேலே சொன்ன காலி ஓட்டம்தான் அது. எப்படியும் திரும்பிப் போகிற வண்டி, கிடைத்தது லாபம் என்று குறைத்துக் கொடுப்பார்கள். ஆனால் நேரமும் ஊரும் அவர்கள் இஷ்டம். முதல் வாடிக்கையாளர் பயணத்தை ரத்து செய்தால் உங்களுடையதும் போச்சு. கல்யாணத்துக்குப் போகிறவர்கள் இதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

ஜெட்தான் வேண்டுமா? விசிறி சுழற்றிப் பறக்கும் டர்போபிராப் போதாதா?

400 கிலோமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் போதும். ஜெட்டுக்குச் சிக்கனம் உயரத்தில். அரை மணி நேரப் பயணத்தில் மேலே ஏறி முடிப்பதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் சர்ஃப் ஏர் 2013-ல் மாதச் சந்தா முறையில் தொடங்கியபோது எடுத்தது பிலாட்டஸ் பி.சி.-12 என்ற ஒற்றை இன்ஜின் டர்போபிராப்தான். பயணிகளுக்கு எட்டு சீட்டு. மூன்று சீட்டு ஜெட்டை விட அந்தக் கணக்கு சுலபமாக நிற்கும்.

சுற்றுச்சூழலுக்கு?

'சிக்கனமான ஜெட்' என்று விளம்பரத்தில் வருவது பெரிய தனி ஜெட்டோடு ஒப்பிட்டு. சாதாரண பயணி விமானத்தோடு ஒப்பிட்டால், தனி ஜெட்டில் போகிறவர் தலைக்கு 5 முதல் 14 மடங்கு வரை கூடுதலாகக் கரியைக் கக்குகிறார் என்று ஐரோப்பாவின் டிரான்ஸ்போர்ட் அண்ட் என்விரான்மென்ட் அமைப்பு 2021-ல் கணக்குச் சொன்னது. ரயிலோடு ஒப்பிடவே வேண்டாம்.

இந்தியாவில் 'ஏர் டாக்ஸி' என்று முன்பே ஒன்று இருந்ததே?

பெயர் மட்டும் இருந்தது. 1953 சட்டப்படி அட்டவணை விமான சேவை அரசுக் கம்பெனிகளுக்கு மட்டும். 1990-களின் தொடக்கத்தில் தனியாரை உள்ளே விட அரசு கண்டுபிடித்த சந்துதான் 'ஏர் டாக்ஸி' அனுமதி. ஈஸ்ட் வெஸ்ட், ஜெட் ஏர்வேஸ் எல்லாம் காகிதத்தில் டாக்ஸியாகத் தொடங்கியவைதான், ஓட்டியது பெரிய போயிங். சென்னையின் என்.இ.பி.சி. விமான நிறுவனத்தை நினைவிருப்பவர்கள் அந்தக் காலத்து ஆட்கள். 1994-ல் பழைய சட்டத்தை எடுத்ததும் அந்த வேஷம் தேவைப்படவில்லை.

வெளிநாட்டில் ஒருமுறை ஏறப்போகிறேன். முன்கூட்டி என்ன கேட்க வேண்டும்?

பணம் வாங்குகிறவரும் விமானத்தை ஓட்டுகிறவரும் ஒருவர்தானா என்று முதலில் கேளுங்கள். ஆப்பில் பதிவு செய்கிற பல இடங்கள் வெறும் தரகர்கள். ஓட்டுகிற நிறுவனத்தின் பெயரையும், வாடகைக்கு ஓட்ட அதற்கு அனுமதி இருக்கிறதா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை பைலட், வானிலை கெட்டால் பணம் என்ன ஆகும் என்பதும் அப்படியே. முன்பணமாகப் பெரிய தொகை கட்டி மணிக்கணக்கில் கழித்துக்கொள்ளும் திட்டத்தில் அவசரப்பட வேண்டாம். இந்தத் தொழிலில் கம்பெனிகள் எவ்வளவு சீக்கிரம் மூடும் என்று மேலே பார்த்தீர்கள்.

இறங்கும் ஊரில் ஓடுபாதை எவ்வளவு நீளம் என்று அவர்கள் யோசிப்பதைக் கண்டு எரிச்சல்படாதீர்கள். அமெரிக்க விதிப்படி, வாடகை ஜெட் பொதுவாக ஓடுபாதையின் 60 சதவீதத்துக்குள் நின்றுவிட முடிய வேண்டும். 5,000 அடி பாதை என்றால் 3,000 அடிக்குள்.

உங்கள் எடையையும் கேட்பார்கள். பையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். சபையில் சொல்லக் கூசினால் காதோடு சொல்லுங்கள், ஆனால் குறைத்துச் சொல்லாதீர்கள். 2,700 கிலோ வண்டியில் ஆளுக்குப் பத்து கிலோ மறைத்தால் எரிபொருளில்தான் கை வைக்க வேண்டி வரும். கெட்டியான சூட்கேஸை விட்டுவிட்டுத் துணிப்பையாக எடுத்துப் போங்கள், அமுக்கித் திணிக்கலாம்.